லாபம் சார் போட்ட ரோடு

ஏற்காட்டில் ஓட்டுரிமை உள்ளவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஒழுங்காகப் போய் ஓட்டுப் போட்டவர்கள் ஒரு வகை. போகிற வழியில் லாபம் சாரிடம் மாட்டிக்கொண்டு, அவர் விட்டபோது பூத்தைச் சாத்திச் சீல் வைத்திருந்ததால் வெறும் விரலோடு வீடு திரும்பியவர்கள் இன்னொரு வகை. அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலம் விட்டு வாக்குப்பதிவைக் கூட்டப் பார்க்கும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குரங்குக் குல்லா, ஒரு பிளாஸ்க் இவற்றை மட்டுமே சொத்தாக வைத்திருந்த இந்த மனிதர் அதை உட்கார்ந்த இடத்திலிருந்தே குறைத்துவிடுவார்.

நான் அப்போது ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் கடைசி அறையில் மாத வாடகைக்குத் தங்கியிருந்தார் அவர். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. ஆனால் எதைக் கண்டாலும் "இதுல யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தாலும் கேட்பார், பஸ் லேட் என்றாலும் கேட்பார். அதனால் ஊர் முழுக்க அவர் லாபம் சார்.

கீழே சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவர். வேலை போன கதையை அவரே சிரிக்காமல் சொல்வார். ஒருநாள் வகுப்பில், "இந்த ஒரு மணி நேரத்தை வேறு எதில் செலவழித்தால் உங்களுக்கு அதிகப் பயன் என்று யோசியுங்கள்" என்று பாடம் எடுத்திருக்கிறார். பிள்ளைகள் யோசித்தார்கள். யோசித்துவிட்டு எழுந்து மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார்கள். பிரின்ஸிபால் எட்டிப் பார்த்தபோது காலி பெஞ்சுகளுக்கு முன்னால் இவர் மட்டும் திருப்தியோடு நின்றுகொண்டிருந்தார். "பாடம் நல்லாப் புரிஞ்சிருச்சுங்க" என்று சொன்னாராம்.

லாட்ஜில் காலையில் எல்லா அறைக்கும் இலவசமாகக் காபி கொடுத்துக்கொண்டிருந்தோம். லாபம் சார் வந்த வாரமே முதலாளியிடம் போய் நின்றார்.

"ஏனுங்க, இலவசம்னு ஒண்ணு உலகத்துல கெடையாதுங்க. இந்தக் காபி வாடகைக்குள்ள எந்த மூலையில ஒளிஞ்சிருக்குதுன்னு சொல்லுங்க."

"ஒளிச்செல்லாம் வைக்கலீங்க சார். சும்மா ஒரு மரியாதைக்குங்க."

"அப்ப மரியாதை வேண்டாம்னு சொல்றவங்களுக்கு வாடகையில கழிப்பீங்களா?"

முதலாளி ஒரு வாரம் பொறுத்தார். பிறகு காபியையே நிறுத்திவிட்டார். அந்த சீசன் முழுக்க விருந்தாளிகள் லாபம் சாரைப் படிக்கட்டில் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவருக்கு அது உறைக்கவே இல்லை. "பார்த்தியா கண்ணு, கேள்வி கேட்டா இலவசம் காணாமப் போயிரும்" என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார்.

ஒரு தேர்தலின்போது ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் நோட்டீஸ் கட்டோடு அவர் அறைக்குப் போனார். நல்ல மனிதர், குரல் மட்டும் மைக் வைத்த மாதிரி இருக்கும். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றேன்.

"என் ஓட்டு இல்லாம நீங்க ஜெயிச்சிருவீங்களா?" என்று ஆரம்பித்தார் லாபம் சார்.

"கண்டிப்பா ஜெயிப்போம்ங்க சார். அலை வீசுதுங்க."

"அப்ப என் ஓட்டு எதுக்குங்க?"

செயலாளர் தடுமாறினார். "ஒருவேளை இழுபறி ஆயிட்டா..."

"என் ஒரு ஓட்டுல அது நிமிந்துருமா?"

"ஒண்ணுல நிமிராதுங்க."

"அப்ப ஜெயிச்சாலும் என் ஓட்டு வேண்டாம், தோத்தாலும் வேண்டாம். நடுவுல நான் எதுக்குப் பனியில லைன்ல நிக்கணும்? யாருக்கு என்ன லாபம்?"

செயலாளர் நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு மிகவும் தணிந்த குரலில், "நான் போட்டா மட்டும் என்னங்க சார் லாபம்?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அவர் ஏரிக்கரை பெஞ்சில், பிரிக்காத நோட்டீஸ் கட்டோடு தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்படியே எழுதிக்கொண்டு போனால் எனக்கும் சௌகரியம், உங்களுக்கும் சிரிப்பு. ஆனால் லாபம் சாரின் கதை இதோடு நிற்கவில்லை.

எங்கள் லாட்ஜில் அறை கூட்டித் துடைக்கச் சின்னப்பொண்ணு அக்கா என்று ஒருவர் இருந்தார். ஊர் கருங்கொம்பை. வெள்ளக்கடையைத் தாண்டித் தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி, ஓர் இறக்கம் இறங்கி, ஒரு மேடு ஏறி, காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். அங்கே வீட்டு வரிசையை வளவு என்பார்கள். மேட்டில் இருப்பது மேல் வளவு. ஓடையைத் தாண்டிப் பள்ளத்தில் இருப்பது கீழ் வளவு. அக்கா கீழ் வளவு. வாரம் முழுக்க டவுனில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஊருக்குப் போவார்.

அவர் புருஷன் சடையன் ஓர் எஸ்டேட்டில் மிளகு பறிக்க மரம் ஏறுகிறவர். ஏணி வழுக்கி சில்வர் ஓக் உச்சியிலிருந்து விழுந்தார். நினைவு இருந்தது, பேச்சும் இருந்தது. கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தது. தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் இல்லை.

"ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்னாடியே வந்து நின்னுட்டு இருந்துச்சுங்க தம்பி" என்று பிறகு அக்கா என்னிடம் சொன்னார். "நாங்கதான் லேட்டு."

துக்கம் கேட்கப் போனபோது லாபம் சாரும் கூட வந்தார். மூச்சு வாங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அட்டை கடித்த காலோடு வந்து பலா மரத்தடியில் உட்கார்ந்தார். எதிரே ஊர்க்கவுண்டர். அந்த ஊரின் பெரிய மனிதர், பேச்சை எண்ணி எண்ணிப் பேசுபவர். எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். லாபம் சார் வாயைத் திறந்தார்.

"ஏனுங் கவுண்டரே, இந்த ஊருக்கு ரோடு போட்டா யாருக்கு என்ன லாபம்?"

இழவு வீட்டு வாசல் அது. நாலைந்து இளவட்டங்கள் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

"கேக்கட்டும், உடுங்கடா" என்றார் ஊர்க்கவுண்டர். "சொல்லுங் சார்."

"நீங்க ஓட்டு யாருக்குப் போடறீங்க?"

"எங்கப்பன் காலத்துல இருந்து ஒரே சின்னந்தானுங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா மேவளவு, கீவளவு அத்தனை பேரும் ஒரே பட்டன்."

"வியாதியே அதுதாங்க. பாக்கெட்டுல இருக்கற பீடிய வாங்கறதுக்கு எவனாச்சும் கடைக்குப் போவானா? உங்க ஓட்டு ஒரு கட்சியோட பாக்கெட்டுல இருக்குது. அவங்க உங்களுக்குச் செலவு பண்ண மாட்டாங்க. இன்னொரு கட்சிக்கு நீங்க எப்படியும் கெடைக்க மாட்டீங்க. அவங்களும் பண்ண மாட்டாங்க. போடுவானா மாட்டானான்னு சந்தேகமா இருக்கற ஊருக்குத்தாங்க ரோடு வரும். உங்களைப் பத்தி எவனுக்கும் சந்தேகமே இல்லையே."

உள்ளே ஒரு பெண் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அதுக்கு நாங்க என்னுங்க பண்ணோணும்?" என்றார் கவுண்டர்.

"சண்டை போடுங்க."

"ஆரு கூட?"

"உங்களுக்குள்ளயே. சும்மா, பாக்கறவங்களுக்காக."

அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்குள் திட்டம் தயாராகிவிட்டது. லாபம் சார் சொன்னது, வீட்டுக்கு வீடு கலந்து கொடி கட்ட வேண்டும் என்பது. அப்பனுக்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி. அப்போதுதான் எந்தக் கட்சிக்கும் யார் எந்தப் பக்கம் என்று பிடிபடாது. ஊர்க்கவுண்டருக்கு அது சரிப்படவில்லை.

"ஒரே ஊட்டுல ரெண்டு கொடி கட்டுனா ராத்திரி சோறு ஆருங்க ஆக்கறது? நம்ம சனத்துக்கு அவ்வளவு கொழப்பம் ஆவாதுங்க சார். மேவளவு ஆளுங்கட்சி, கீவளவு எதிர்க்கட்சி. அதான் ஞாவகம் இருக்கும்."

லாபம் சார் கொஞ்சம் முனகிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

ஒத்திகை பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். வாழ்நாளில் ஒருவரை ஒருவர் திட்டியிராத சனம் அது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று. ஒரு பெரியவர் பாதிச் சண்டையில் நிறுத்தி, "கவுண்டரே, நான் எதுக்குக் கோவமா இருக்கறேன்?" என்று கேட்டார். எதிரில் நின்றவர் அவருக்கு ஞாபகப்படுத்தினார். சின்னப்பொண்ணு அக்காவின் நாத்தனார் ராசம்மா, சடையனின் கூடப் பிறந்தவள், மேல் வளவில் வாழ்க்கைப்பட்டவள். அக்காவும் ராசம்மாவும் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று போட்ட சண்டையைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே வட்டிலில் களி போட்டுத் தின்றுகொண்டு, "நீ என்னை மூதேவின்னு சொன்னது கணக்குலயே இல்லையே" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். சடையன் போன பிறகு அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

செய்தி கட்சிகளுக்குப் போயிற்று. கருங்கொம்பையில் ஓட்டு உடைகிறது. அதுவரை அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத வேட்பாளர்கள் கிளம்பி வந்தார்கள். ஒருவர் பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்து, அங்கிருந்தபடியே கையை உயர்த்தி ரோடு வாக்குறுதி கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். அவர் பாறை வரை வந்தார் என்று கேள்விப்பட்ட இன்னொருவர் ஊர் வரைக்கும் வந்து, ஒரு குடம் தண்ணீர் குடித்து, "இந்தத் தண்ணி சுவைக்காகவே ரோடு போடலாம்" என்றார்.

ஆளுங்கட்சியே மறுபடி ஜெயித்தது. கொஞ்ச மாதத்தில் பொக்லைன் வந்து மண்ணை வெட்ட ஆரம்பித்தது. லாபம் சார் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன் மாதிரி அந்த மண்மேட்டில் நின்றார். சனங்கள் அதை "லாபம் சார் போட்ட ரோடு" என்றார்கள். "நான் எங்கீங்க போட்டேன், அது வரிப்பணம்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் தகராறு செய்தார். ஆனால் அந்த நாட்களில் அவர் நடையே வேறாக இருந்தது.

ரோடு மேல் வளவு வரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

கீழ் வளவுக்குப் போக ஓடையின் மேல் ஒரு சின்னப் பாலம், அதற்கப்புறம் கொஞ்சம் இறக்கம், அவ்வளவுதான் பாக்கி. மிஷினை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாபம் சார் கிளைச் செயலாளரைத் தேடிப் போனார். அதே மைக் குரல்காரர்தான்.

"கீவளவுக்கு எப்பங்க?"

"அடுத்த தடவை பாக்கலாம்ங்க சார். அவங்க நமக்குப் போடலீங்களே. அவங்களுக்கும் போட்டுட்டா, நமக்குப் போட்டவங்களுக்கு என்னங்க லாபம்?"

திரும்பி வந்தவர் லாட்ஜ் படியில் உட்கார்ந்துவிட்டார். "என் பாடத்தை எனக்கே ஒப்பிச்சுட்டான் கண்ணு" என்றார். "ஒரு தப்புக்கூட இல்லாம."

அதற்குப் பிறகு நடந்ததை ஒரே நாளில் நடந்தது என்று சொல்ல முடியாது. கீழ் வளவுக்காரர்கள் பலாவையும் காப்பி மூட்டையையும் தலையில் சுமந்து மேல் வளவுக்குக் கொண்டுவந்து ஜீப்புக்குக் காத்திருந்தார்கள். வாசலில் மூட்டை போடாதே என்று மேல் வளவில் ஒருவர் சொன்னார். உங்க அப்பன் ஊட்டு ரோடா என்று கீழ் வளவில் ஒருவர் கேட்டார். ஒத்திகையில் சொல்லிப் பழகிய வார்த்தைகள்தான். இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஊற்று மேல் வளவுக்கு மேலே இருந்தது. கீழ் வளவுக்கு அதிலிருந்து ஓஸ் பைப்பில் தண்ணீர் போகும். ஒரு காலையில் பைப் வெட்டிக் கிடந்தது. திருவிழாவுக்குச் சாமி தூக்கும்போது ரோட்டு வழியாகத்தான் வரும், ஓடையில் இறங்காது என்றது மேல் வளவு. எங்கள் வளவுக்கு வராத சாமிக்கு நாங்கள் எதற்கு என்றது கீழ் வளவு. கைகலப்பு ஆயிற்று. போலீஸ் வந்தது. போலீஸ் ஜீப் சுலபமாக வந்துசேர்ந்தது, ரோடு நன்றாக இருந்ததால். அந்த வருஷம் திருவிழா நடக்கவில்லை.

கைகலப்புக்கு மறுநாள் வேலைக்கு வந்த சின்னப்பொண்ணு அக்கா, மாடி வராண்டாவில் வாளியைக் கீழே வைத்துவிட்டு லாபம் சார் அறை வாசலில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"எங்கூர்ல சண்டை போடறதுக்கு ஆருக்கும் தெரியாதுங்க சார். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

அக்கா வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அன்று முதல் லாபம் சார் அறையைக் கூட்டினாரே தவிர அவரோடு பேசவில்லை.

சில மாதம் கழித்து அக்காவின் மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடந்தது. நாற்காலியில் உட்கார வைத்து ஓடையைத் தாண்டித் தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் மேல் வளவில் வந்து நின்றிருந்தது. மேல் வளவு ஆட்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் வழி மறிக்கவில்லை, யாரும் கையும் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தப் போகும்போது ராசம்மா மட்டும் வந்து ஏறி, மருமகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சேலம் பெரியாஸ்பத்திரி போகிற வரை அக்காவும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்து தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்று தெரிந்ததும் ராசம்மா எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள்.

அக்கா திரும்பி வந்த அன்று மறுபடியும் அந்த அறை வாசலில் நின்றார்.

"ரோடு இல்லாட்டி ரெண்டு உசுரும் போயிருக்கும்ங்க சார். அதையும் சொல்லோணும்ல."

நன்றி மாதிரியும் இல்லை, குற்றம் மாதிரியும் இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். லாபம் சார் அன்று முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோது, "ஒரு பக்கம் ரெண்டு உசுரு, இன்னொரு பக்கம் ஒரு ஊரு. எந்தத் தராசுல கண்ணு வைக்கறது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். டீ சாப்பிடுங்க சார் என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் கருங்கொம்பைக்குப் போக ஆரம்பித்தார். வெள்ளக்கடை வரை பஸ், அங்கிருந்து நடை. வீடு வீடாக ஏறி இறங்கினார். மேல் வளவில் அவரைக் கீழ் வளவின் ஆள் என்றார்கள். கீழ் வளவில் மேல் வளவுக்கு ரோடு வாங்கிக் கொடுத்தவர் என்றார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். நாய் அவரைக் கடிக்கவில்லை, கூடவே நடந்து வந்தது. "அந்த ஊர்ல என்னை எதிர்க்காத ஒரே வாக்காளர்" என்று வந்து சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை.

ஊர்க்கவுண்டர் அதற்குள் திண்டாடிப் போயிருந்தார். அவர் பேச்சை இரண்டு வளவும் கேட்பதில்லை. லாபம் சாரிடம் அவர் சொன்னாராம்: "கூத்துக் கட்டுனம் சார். விடிஞ்சும் ஒருத்தனும் வேசத்தைக் கலைக்க மாட்டேங்கறானே."

அடுத்த தேர்தல் வந்தது. பூத் மேல் வளவுப் பள்ளிக்கூடத்தில். கீழ் வளவு மொத்தமும் போவதில்லை என்று முடிவு கட்டியது. அந்த வாசலில் போய் நின்று பேச்சு வாங்க முடியாது என்றார்கள் பெண்கள். தேர்தலுக்கு முந்தின வாரம் லாபம் சார் கீழ் வளவில் போய் நின்று ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சினார். லீவில் ஊருக்குப் போயிருந்த அக்கா எனக்கு இதைச் சொன்னார். பிரசவச் சேதி சொன்ன பிறகு, நீண்ட நாள் கழித்து அவரோடு அக்கா பேசியதும் அன்றுதான்.

"போங்கம்மா, போய்ப் போடுங்க. இப்ப நீங்க எதிர்க்கட்சி, அடுத்த தடவை உங்களை இழுக்கலாம்னாவது நெனைப்பாங்க. போடவே இல்லேன்னா நீங்க இருக்கறதே ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏனுங் சார், நீங்க உங்க ஆயுசுல ஒரு தடவையாச்சும் போட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"பின்ன எங்களை மட்டும் எதுக்குங்க போகச் சொல்றீங்க?"

லாபம் சார் சொன்னாராம்: "எனக்கு ரோடு இருக்குது சின்னப்பொண்ணு."

தேர்தலன்று காலையிலிருந்தே மழை. அவர் முதல் பஸ்ஸில் போய்விட்டார். பெண்களைச் சின்னச் சின்னக் கும்பலாக ஓடை தாண்டிக் கூட்டிப்போய், பூத் வாசலில் விட்டு, வெளியே நின்று, ஓட்டுப் போட்டதும் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பிறகு அடுத்த கும்பல். நடக்க முடியாத ஒரு கிழவரைத் தோளில் கை போட்டுக் கூட்டிவந்தார். மேல் வளவு இளவட்டங்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தொப்பலாக நனைந்து அந்தக் கோலத்தில் நின்ற மனிதரிடம் எதைச் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கீழ் வளவில் ஒருவர் பாக்கியில்லை. அவருடைய ஓட்டு டவுனில் இருந்தது. அதை அவர் போடவில்லை.

நனைந்தது நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒரு வாரம் கஷாயம், மாத்திரை என்று சமாளித்தார். பிறகு மூச்சு விட முடியவில்லை. முதலாளியின் காரில் சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நிமோனியா என்றார்கள், வயசு வேறு என்றார்கள். ஆக்ஸிஜன் குழாயை நகர்த்திவிட்டு என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது இது:

"அடுத்த தடவை வளவு வளவாப் பிரிக்கக் கூடாது கண்ணு. ஊட்டுக்கு ஊடு கலக்கணும். கவுண்டர்கிட்டச் சொல்லிரு."

சரிங்க சார் என்றேன். மறுநாள் மதியம் போய்விட்டார்.

சொந்தம் என்று தேடியதில் தூரத்து உறவினர் ஒருவர் போனில் கிடைத்தார். வர முடியாது, ஆக வேண்டியதைப் பாருங்கள் என்றார். ஏற்காட்டுக்கே கொண்டுவந்தோம். கருங்கொம்பையிலிருந்து சனம் வந்தது. இரண்டு ஜீப். மேல் வளவு ஒன்றில், கீழ் வளவு ஒன்றில். ஒன்று போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் இன்னொன்று கிளம்பியதாம். சுடுகாட்டில் வளவுக்கொரு பக்கம் நின்றார்கள். நடுவில் அவர் கிடந்தார்.

கட்சிக்காரர்களும் வந்திருந்தார்கள். இரண்டு வளவும் கூடியிருக்கிற இடம் என்று அவர்களுக்குத் தகவல் போயிருக்கிறது. கிளைச் செயலாளர் ஒரு பெரிய மாலையோடு நின்றார். எதிர்க்கட்சிக்காரர் அதைவிடக் கொஞ்சம் பெரிய மாலையோடு நின்றார். முதலில் போட்டால் மரியாதையா, கடைசியில் போட்டால் மரியாதையா என்று இரண்டு பேரும் எடை போட்டுக்கொண்டு நகரவே இல்லை. சின்னப்பொண்ணு அக்கா போய் இரண்டு மாலையையும் அவர்கள் கையிலிருந்து வாங்கினார். இரண்டையும் அவரே போட்டார். ராசம்மா கூட்டத்திலிருந்து வந்து, சரிந்த ஒரு மாலையை நேராக்கிவிட்டு, தன் பக்கத்துக்கே திரும்பிப் போனாள்.

கொள்ளி வைத்தது ஊர்க்கவுண்டர். முடிந்ததும் அவரவர் ஜீப்பில் ஏறினார்கள். கீழ் வளவுப் பாலம் இன்னும் வரவில்லை. ஓடைக்கு இரண்டு பக்கமும் அளந்து, கல் நட்டு, சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். லாபம் சார் கடைசியாகச் சொன்னதைக் கவுண்டரிடம் நான் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

லாபம் சாரின் பெட்டியைக் காலி செய்து அறையைக் கழுவி விட்டோம். மறுவாரமே கோடை விழாக் கூட்டம் மலையேறிவிட்டது. இடமில்லை என்று நிற்பவர்களுக்கு அந்தக் கடைசி அறையைக் கொடுக்க வேண்டியதுதானே என்றார் முதலாளி. பாத்ரூம் குழாய் ஒழுகுதுங்க, ஆள் வந்து பார்க்கணும் என்றேன். சீசன் முடிகிற வரை அந்தக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.